ஒரு வயதில் டே கேர்: தேடுவது முதல் பழக்குவது வரை

முதல் பிறந்தநாள் நெருங்கும்போதுதான் பல வீடுகளில் டே கேர் பேச்சு தொடங்குகிறது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாயின் 26 வார விடுப்பு எப்போதோ முடிந்திருக்கும். அம்மாவும் மாமியாரும் முறைவைத்து ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொண்டு, இப்போது திரும்பிப் போக நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாடு அரசில் பணிபுரியும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதம் என்பதால் அவர்களும் சரியாக இந்தக் கட்டத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சென்னையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோவை, மதுரை, திருச்சியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். போக்குவரத்து பற்றிய புலம்பலை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு வயதுக் குழந்தைக்குப் பாடத்திட்டம் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம், ஆங்கிலப் பாட்டும் வேண்டாம். தூக்கி வைத்துக்கொள்ள, ஊட்ட, கழுவிவிட, தட்டித் தூங்கவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அடுத்த மாதமும் அங்கேயே இருக்க வேண்டும். கையேட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் நீங்கள் தேடுவது ஓர் ஆயாம்மாவைத்தான். கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் வைத்தே படியுங்கள்.

வேலைக்குத் திரும்பும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். நல்ல இடங்களில் கைக்குழந்தைகளுக்கு இடம் குறைவு. பழக்குவதற்கு மட்டுமே இரண்டு வாரம் தேவைப்படும். அந்த இரண்டு வாரமும் உங்களுக்கு விடுப்பு இருக்க வேண்டும்.

முதலில் அலுவலகத்தில் கேளுங்கள்

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அது அனுமதித்தது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பல நிறுவனங்கள் தாமே காப்பகம் நடத்தாமல் பக்கத்திலிருக்கும் டே கேருடன் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன, அல்லது கட்டணத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. மனிதவளப் பிரிவினர் இதைத் தாமாக முன்வந்து சொல்வது அபூர்வம். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரும். அப்பாவும் தன் அலுவலகத்தில் கேட்க வேண்டும். சட்டம் தாயைப் பற்றிப் பேசினாலும் தந்தைக்கும் இந்தச் சலுகையைத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன.

அங்கன்வாடியில் குழந்தையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது இரண்டு வயதிலிருந்துதான். அதற்கு முன் சத்துமாவும் எடை பார்ப்பதும் உண்டு, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஆனால் மத்திய அரசின் பால்னா திட்டத்தில் சில அங்கன்வாடிகள் காப்பகத்துடன் சேர்ந்து இயங்குகின்றன. அங்கே ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஏதும் உண்டா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டருகிலா, அலுவலகத்தருகிலா?

காய்ச்சல் என்று போன் வந்தால் யார் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவர் அரைமணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடமே சரியான இடம். பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறு மணிக்கு ஒரு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நகர்வதைக் கற்பனை செய்து பார்த்தால், வீட்டருகே இருப்பதன் அருமை புரியும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம் என்றால் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ கூடப் போய் அழைத்துவரலாம்.

இரு சக்கர வாகனத்தில் கொண்டுபோவதாக இருந்தால், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் அளவான தலைக்கவசமும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது விதி. முன்னால் நிறுத்திவைத்து ஓட்டும் நம் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

போனிலேயே கழித்துக்கட்ட

ஒவ்வோர் இடமாக ஏறி இறங்குவதற்கு முன் போனில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இன்னும் நடக்காத குழந்தையைச் சேர்த்துக்கொள்வீர்களா? பலகையில் ‘டே கேர்’ என்றிருக்கும் பல விளையாட்டுப் பள்ளிகள் ஒன்றரை, இரண்டு வயதுக்குக் கீழே எடுப்பதில்லை. இப்போது இரண்டு வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், அவர்களுக்கென்று எத்தனை ஆயாம்மா? மாலை எத்தனை மணிவரை? மழைக்காக மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தால் நீங்களும் மூடிவிடுவீர்களா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் ஓடும் அந்த அறிவிப்பு பள்ளிக்கு உண்டு, உங்கள் அலுவலகத்துக்குக் கிடையாது.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

எல்லா இடத்திலும் காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். அப்போது தரை துடைத்திருக்கும், குழந்தைகள் குளித்துப் பவுடர் பூசி உட்கார்ந்திருக்கும், உரிமையாளர் ஓய்வாகப் பேசுவார். பன்னிரண்டு மணிக்குப் போக அனுமதி கேளுங்கள். சாப்பாடு, கழுவிவிடுவது, தூக்கம் மூன்றும் அடுத்தடுத்து நடக்கும் நேரம் அது. ஒரு டே கேரின் நிஜம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சுவரெங்கும் யானையும் வானவில்லும் வரைந்திருந்த ஓரிடத்தில் பார்த்தேன். ஆறு குழந்தைகள் தாழ்வான நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓர் ஆயாம்மா, ஒரு கிண்ணம் பருப்பு சாதம், ஒரே கரண்டி. வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஊட்டிக்கொண்டே போனார். வாயைத் திறந்த குழந்தைக்குச் சோறு கிடைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையைக் கடந்து போய்விட்டார். பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. அன்று பெற்றோரின் கைபேசிச் செயலியில் ஆறு பேருக்கும் ‘மதிய உணவு: முழுவதும்’ என்றுதான் பதிவாகியிருக்கும். இன்னோர் இடம் சிவப்புத் தரை போட்ட பழைய வீடு. சுவரில் ஒரு நாள்காட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கிருந்த ஆயாம்மா குழந்தையை மடியில் சாய்த்து, விரலால் மசித்து ஒரு வாய் ஊட்டிவிட்டு, விழுங்கும்வரை காத்திருந்தார். அது சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளுமாம். அதனால் இரண்டு வாய்க்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும் என்று, நான் கேட்காமலேயே சொன்னார். ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஆளிடம் தாராளமாக உங்கள் குழந்தையை விடலாம்.

ஆயாம்மாவிடம் உரிமையாளர் இல்லாதபோது இரண்டு வார்த்தை பேசுங்கள். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார், எங்கிருந்து வருகிறார், அவர் விடுப்பு எடுத்தால் யார் பார்ப்பது. வருடக்கணக்காக இருப்பவர் என்றால் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் மாறும் இடத்தில், குழந்தை பழகும்போதெல்லாம் ஆள் போய்விடுவார்.

எத்தனை குழந்தைக்கு ஓர் ஆள்? தொழிலகக் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துப் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், கூட ஓர் உதவியாளர் என்கிறது. அது குறைந்தபட்சம். ஒரு வயதுக் குழந்தைகள் என்றால் ஓர் ஆளுக்கு நான்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. தீப்பிடித்தால் ஓர் ஆள் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசித்தால் நான்கே அதிகம்.

மனத்துக்குப் பிடித்திருந்தால் இன்னொரு முறை, சொல்லாமல், மாலை ஐந்தரைக்குப் போங்கள். ஆட்கள் களைத்திருக்கும் நேரம். தொலைக்காட்சி ஓடுகிறதா, குரல்கள் எப்படி இருக்கின்றன என்று வாசலிலேயே கேட்கும். உள்ளே விட மறுத்தால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

குடியிருப்பு வீட்டில் நடக்கும் டே கேர் என்றால்

சென்னையில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்று தோன்றுகிறது. அதில் தவறில்லை, வீடு வீடாகவே இருப்பது இந்த வயதுக்கு நல்லதும்கூட. ஆனால் வீட்டின் ஆபத்துகளும் கூடவே இருக்கும். தண்ணீர் சம்பின் மூடி கனமாகவும் பூட்டியும் இருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள். குளியலறையில் வாளி நிரம்பி நிற்கக் கூடாது. எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழும் ஒரு வயதுக் குழந்தைக்கு அரைவாளித் தண்ணீரே போதும். மாடிப்படிக்குத் தடுப்பு, சமையலறைக்குக் கதவு, தெருவாசலுக்குப் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் தாழ்ப்பாள், இன்வெர்ட்டர், ஜன்னலுக்குக் கொசுவலை.

தரைத்தளம் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? உரிமையாளர் மழுப்பினால் எதிர்க்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

கண்காணிப்புக் கேமரா பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கைபேசியில் நேரலை பார்ப்பது முதல் வாரத்தில் உங்களை வேலை செய்ய விடாது. நீங்கள் பார்க்கிற அதே காட்சியை முன்பின் தெரியாத மற்ற பெற்றோரும் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது, கேட்டால் காட்டுவார்களா என்பதே முக்கியம்.

பணமும் காகிதமும்

சேர்க்கைக் கட்டணம், முன்பணம், மாதக் கட்டணம், சாப்பாடு, கூடுதல் மணிநேரம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். குழந்தை பத்து நாள் காய்ச்சலில் வராவிட்டாலும் முழு மாதக் கட்டணம்தான் எங்கும். அதை எதிர்த்துப் பயனில்லை. முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். விளையாட்டுப் பள்ளியோடு சேர்ந்த டே கேர் என்றால், தமிழ்நாடு அரசு 2015-ல் வகுத்த விதிமுறைகளின்படி அங்கீகாரம் பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

யார் யார் வந்து குழந்தையை அழைத்துப் போகலாம் என்று புகைப்படத்துடன் எழுதிக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத சித்தப்பா வந்து நின்றால் உங்களுக்குப் போன் செய்யாமல் விடக் கூடாது. சேர்த்த பிறகு ஒருநாள் வேண்டுமென்றே பட்டியலில் இல்லாத உறவினரை அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதில் தப்பேயில்லை.

சேர்ப்பதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் சிக்கல் தூளி. பாட்டியின் புடவையில் கட்டிய தூளியில் ஆடிக்கொண்டே பிறந்ததிலிருந்து தூங்கும் குழந்தை, பாயில் விரித்த மெத்தையில் தானாகத் தூங்காது. டே கேரில் பத்துத் தூளி கட்ட முடியாது. முதல் வாரத்து அழுகையில் பெரும்பங்கு தூக்கம் வராத அழுகை. அம்மாவைத் தேடும் அழுகை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே பகல் தூக்கத்தைப் பாய்க்கு மாற்றுங்கள். முதல் சில நாள் தூளியில் கண் சொக்கியதும் எடுத்துக் கீழே போட்டுத் தட்டிக்கொடுக்கலாம். பிறகு தூளியின் ஆட்டத்தைக் குறைத்து, கடைசியில் பாயிலேயே முதுகில் தட்டலாம். இரவுத் தூக்கத்தைத் தொட வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வீடு தாங்காது. தூங்கும்போது தட்டுவதா, நெற்றியைத் தடவுவதா, என்ன பாட்டு என்பதை ஆயாம்மாவிடம் செய்தே காட்டுங்கள்.

இந்த வயதில் பகலில் இரண்டு தூக்கம் இருக்கும். டே கேரில் பெரும்பாலும் மதியம் ஒன்றுதான். காலைத் தூக்கத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, பன்னிரண்டு மணிக்குள் சாப்பாட்டை முடிக்கும் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையைச் சிறு டம்ளருக்குப் பழக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. காலையும் மாலையும் இரவும் கொடுத்தால் போதும், பகலில் மற்ற உணவோடு சமாளித்துக்கொள்வார்கள்.

நகை விஷயத்தில் பாட்டியுடன் ஒரு சண்டை வரும், தயாராக இருங்கள். தங்கச் சங்கிலி, கழுத்துத் தாயத்து, ஊக்கு குத்திய எதுவும் டே கேருக்கு வேண்டாம். வெள்ளிக் கொலுசின் முத்து கழன்று விழுந்தால், தவழும் இன்னொரு குழந்தையின் வாய்க்குத்தான் போகும். அரைஞாண் கயிறு மட்டும் இருக்கட்டும் என்று சமரசம் செய்துகொள்ளலாம், அதில் எதுவும் தொங்காதவரை.

சாப்பாட்டு டப்பாவில் முழு நிலக்கடலை, முழுச் சுண்டல், முழுத் திராட்சை, முறுக்கு வேண்டாம். அங்கே தருகிற மாலைச் சிற்றுண்டியில் சுண்டல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்; பெரிய குழந்தைகளுக்குக் கொடுப்பதைச் சிறியவர்கள் பொறுக்கிச் சாப்பிடுவார்கள்.

தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அரசு அட்டவணையில் 9 மாதத்துத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று உறுதிசெய்யுங்கள்; அடுத்த தவணை 16 மாதத்துக்குப் பிறகு வரும். டே கேருக்குப் போகும் குழந்தைக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி, பிறகு சின்னம்மைக்கான ஊசி ஆகியவற்றைப் பற்றியும் கேளுங்கள். இவற்றைத் தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் போட வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

ஜூன் மாதப் பள்ளித் திறப்பின்போதும் விஜயதசமியன்றும் தொடங்காமல் இருந்தால் நல்லது. அந்த நாட்களில் எல்லாக் குழந்தையும் புதுக் குழந்தை. ஒன்று அழுதால் எல்லாம் அழும், ஆயாம்மாவுக்குக் கை போதாது. வாரத்தின் நடுவே தொடங்கினால் இரண்டே நாளில் சனி ஞாயிறு வந்து பழகியது கலைந்துவிடும் என்பதால் திங்கட்கிழமையே சரி. திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. ஒன்பதே காலுக்குப் போனால் வீட்டுப் பெரியவர்களுக்கும் திருப்தி.

முதல் இரண்டு நாள் நீங்களும் உள்ளே உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். குழந்தையை மடியிலிருந்து தள்ளாதீர்கள்; அது தானாக இறங்கி ஒரு பொம்மையை நோக்கிப் போகும். மூன்றாம் நாள் அரைமணி நேரம் வெளியே போங்கள். அடுத்து மதியச் சாப்பாடு வரை. தூக்கத்தைக் கடைசியாக, இரண்டாம் வாரத்தில் சேருங்கள். தெரியாத இடத்தில் கண் விழிப்பது விழித்துக்கொண்டு அழுவதைவிடக் கஷ்டம். முதல் நாட்களில் அது எழும் நேரத்துக்கு நீங்கள் வாசலில் இருந்தால் நல்லது. நீங்கள் உடுத்திய, துவைக்காத மென்மையான துணி ஒன்றைப் பையில் வையுங்கள்.

‘குழந்தை பார்க்காதபோது நழுவிவிடுங்கள்’ என்று ஆயாம்மாவே சொல்வார். கேட்காதீர்கள். எட்டு மாதத்தில் தொடங்கும் பிரிவுப் பயம் ஒன்றேகால், ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கும். கண்ணை மூடித் திறந்தால் அம்மா காணாமல் போவாள் என்று கற்றுக்கொண்ட குழந்தை, வீட்டில்கூட உங்களைக் குளியலறைக்கு விடாது. ‘அம்மா ஆபீஸ் போய்விட்டு, பால் குடிக்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன்’ என்று சொல்லி, ஒரு முத்தம், ஒரு டாட்டா, அவ்வளவுதான். திரும்பி ஓடிவந்து இன்னொரு முறை அணைப்பதுதான் கெடுக்கிறது. அம்மாவால் முடியவில்லை என்றால் முதல் வாரம் அப்பா கொண்டுபோய் விடட்டும். பல வீடுகளில் அழுகை பாதியாகக் குறைகிறது.

மாலையில் உங்களைக் கண்டதும் வெடித்து அழும். நாள் முழுக்கக் கொடுமை நடந்தது என்று பாட்டி தீர்ப்பு எழுதிவிடுவார். பாதுகாப்பான ஆள் வந்ததும் அடக்கியதைக் கொட்டுகிற அழுகை அது. வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்கு ஓடாமல் அரைமணி நேரம் மடியில் வைத்திருங்கள்.

காய்ச்சல் வரும்

முதல் மூன்று நான்கு மாதம் மாதத்துக்கு ஒருமுறை, சிலருக்கு இரண்டு முறைகூடச் சளி பிடிக்கும். டே கேர் சுத்தமில்லை என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அண்ணன் அக்கா இல்லாத குழந்தை முதன்முறையாகக் கூட்டத்தைப் பார்க்கிறது. இருவரும் விடுப்பை மிச்சம் வைத்துக்கொண்டு முறைபோட்டு எடுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், வாயில் கொப்புளங்கள் வரும் கை-கால்-வாய் நோய் இந்த வயதில் சகஜம். பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகும். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பாராசிட்டமால் மருந்து கடையில் மூன்று வீரியங்களில் கிடைக்கிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம், சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். ‘ஐந்து மில்லி கொடுத்துவிடுங்கள்’ என்று போனில் சொன்னால், எந்தப் பாட்டில் என்பதைப் பொறுத்து அது சரியான அளவாகவோ நான்கு மடங்காகவோ ஆகிவிடும். மருத்துவர் எடை பார்த்து எழுதிய சீட்டின் நகலைப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். உங்களைக் கேட்காமல் எந்த மருந்தும் தரக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

விட்டுப் போகும்போது ஐந்து நிமிடம் அழுவது மூன்று நான்கு வாரம் நீடிக்கலாம். அதை வைத்து மாற்றாதீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் உங்களை இறுக்கிப் பிடிக்கிறது, தினமும் நனைந்து கனத்த டயப்பரோடு வருகிறது, எடை குறைகிறது, காரணம் சொல்ல முடியாத தடம் உடம்பில் இருக்கிறது என்றால் அன்றே பேசுங்கள். தடத்தைப் புகைப்படம் எடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், கேமராப் பதிவைக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

பழகிய ஆயாம்மா வேலையை விட்டுப் போய், அடுத்தடுத்து ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வேறிடம் பார்க்கத் தொடங்கலாம். ஒரு மாத முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, முன்பணத்தைக் கடைசி மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வாங்க அலைவதைவிட இது எளிது. புது இடத்திலும் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டுமே, மதியத் தூக்கம் இரண்டாம் வாரத்தில்தான்.